ஏழரை பிடித்த பிள்ளைகள்

விடுதியில் அவளுக்கு வைத்த பெயர் 'ஏழரை'. அவளுக்கு மட்டுமல்ல, அந்த ஆண்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுதான் பெயர். உணவுக்கூடத்தில் இவர்கள் தட்டோடு வந்தால், "ஏழரை வருது பாரு" என்பார்களாம். போனில் இதைச் சொன்னபோது அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். "எங்கப்பாகிட்ட சொன்னா ரொம்ப சந்தோஷப்படுவாரு டீச்சர்" என்றாள்.

அவள் அப்பாவுக்குச் சோதிடத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. மகள் கும்ப ராசி. 2020 டிசம்பர் சனிப்பெயர்ச்சியில் அவளுக்கு ஏழரைச் சனி தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் நான் அந்தக் குடும்பத்துக்குச் சொன்ன ஒரு யோசனையால் பிள்ளைக்குக் கிடைத்த டாக்டர் சீட்டு கைநழுவிப் போயிருந்தது. அவர் சனியைக் குறை சொன்னார். என்னைச் சொல்லவில்லை. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் அரூர் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. மரவள்ளியும் கரும்பும் விளைகிற ஊர். மழை பொய்த்த வருடங்களில் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். "டீச்சரம்மா, எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்கணுங்குது, என்ன வழி?" என்று யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். கேள்வி மாறவில்லை. பதில் மட்டும் நாலைந்து தடவை மாறிவிட்டது.

என் காலத்திலிருந்தே சொல்கிறேன். நான் பிளஸ் டூ முடித்தது 1995இல். பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக மொத்தம் 300க்குக் கட்ஆஃப் போட்ட காலம். அந்த நுழைவுத் தேர்வுக்கென்று தனியாகப் படிக்க வேண்டும் என்பதே, விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றபோது தர்மபுரிப் பெண் ஒருத்தி கையில் வைத்திருந்த தடிமனான கைடைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பிறகென்ன, பி.எஸ்சி. விலங்கியல்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு கிராமத்துப் பள்ளியில் படித்தவர்களுக்கு 15 சதவீதம் என்று ஒரு ஒதுக்கீடு வந்தது. அப்புறம் வந்த ஆட்சி அதை 25 ஆக்கியது. உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2007இலிருந்து நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றானது. அந்தப் பத்து வருடங்களைப் பற்றி இப்போது பலர் பொற்காலம் மாதிரி பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் ஒப்புதல் இல்லை. கிராமத்துப் பிள்ளைகள் போனார்கள், உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் எங்களை மாதிரிப் பள்ளிகளிலிருந்து போகவில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைக்கும் விடுதிப் பள்ளிகளிலிருந்து போனார்கள். பிராய்லர் பள்ளி என்று ஊரே கேலி பேசும், நிலத்தை அடகு வைத்தாவது அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். பத்தாம் வகுப்பில் எங்களிடம் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் அங்கே அனுப்பிவிட்டு மிச்சம் இருப்பவர்களோடு நாங்கள் பாடம் நடத்துவோம். அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரி போனவர்களை மாநிலம் முழுக்க விரல் விட்டு எண்ணிவிடலாம்.

2017இல் நாடு முழுவதற்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்று நீட் வந்ததும் அந்த விரல்களும் மடங்கிவிட்டன. அரசு ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 412 பயிற்சி மையங்கள் திறந்தது. சனிக்கிழமை ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவோம். தமிழில் எழுதுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். 2018 தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா'. எங்கள் பிள்ளைகள் சீத்தாப்பழத்தை நினைத்துக்கொண்டார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

சரி, 2020க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு என்னிடம் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி முதல் பெஞ்சு. இன்னொருத்தி சன்னலோரம் உட்காருவாள், வெளியே பார்க்கிற மாதிரியே இருக்கும், கேட்டால் பதில் வரும். பெயர்கள் வேண்டாம், இருவரும் இப்போது பெரிய மனுஷிகள். முதல் பெஞ்சுக்காரிதான் 'ஏழரை'. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. அண்ணன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. புதிய பாடப் புத்தகங்களை இரண்டு வருடமும் படித்து வந்த முதல் செட் அவர்கள்தான்.

கொரோனாவால் தள்ளிப்போன நீட் செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை நடந்தது. தேர்வு மையம் சேலத்தில். ஒரு ஆம்னி வேன் பிடித்து மஞ்சவாடி கணவாய் வழியாகப் போனோம். மையத்துக்கு வெளியே வெயிலில் நின்று சோதித்தபோது முதல் பெஞ்சுக்காரிக்கு மூக்குத்தி மாட்டிக்கொண்டது. வயசுக்கு வந்தபோது பாட்டி குத்திவிட்டது, அதற்குப் பிறகு கழற்றியதே இல்லை. திருகாணி துருவேறி இறுகிவிட்டது. நான் நகத்தால் திருகிப் பார்த்தேன், வழுக்குகிறது. பக்கத்துக் கடையில் ஒரு ரூபாய்க்குத் தேங்காயெண்ணெய் பாக்கெட் வாங்கி இரண்டு சொட்டு விட்டு, முந்தானை நுனியால் திருகாணியைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை இழுக்காதே, மூச்சை இழுக்காதே" என்று சொல்லிச் சொல்லித் திருகினேன். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கழன்று வந்தபோது ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. அரசு கொடுத்த முகக்கவசத்துக்குள் அதை மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். 180 கேள்வி, மூன்று மணி நேரம். இந்தக் கடுகளவு மூக்குத்தி ஐந்து மணி வரை என் உள்ளங்கையில் இருந்தது.

அக்டோபர் 16 முடிவு வந்தது. முதல் பெஞ்சுக்காரி 178. அவள் பிரிவில் தேர்ச்சிக்கு 113 போதும், ஆனால் பொதுப் பட்டியலில் 178 ஒன்றுமே இல்லை. சன்னலோரக்காரி தேர்ச்சிக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றாள்.

அப்போதுதான் ஏழரை பற்றிப் பேச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் மருத்துவத்துக்குப் போக முடியவில்லை என்று பார்க்க நீதிபதி கலையரசன் தலைமையில் குழு போட்டார்கள். குழு 10 சதவீதம் என்றது, அரசு 7.5 ஆக்கியது. செப்டம்பர் 15 சட்டசபையில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் கையெழுத்துக்குப் போய் அங்கேயே இருந்தது. மதிப்பெண் எங்கள் கையில், மசோதா ராஜ்பவனில். தினமும் காலையில் அவள் அப்பா போன் செய்வார்: "கையெழுத்து ஆச்சுங்களா டீச்சரம்மா?" அக்டோபர் 29 அரசே ஒரு அரசாணை போட்டது. மறுநாள் ஆளுநரும் ஒப்புதல் கொடுத்தார்.

உள்ஒதுக்கீடு என்றால் என்ன என்று அந்த மனிதருக்கு இப்படித்தான் விளக்கினேன்: பந்தியில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒரு பானை, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்று, பட்டியல் இனத்தவருக்கு ஒன்று, பொதுப் பானை ஒன்று என்று பல பானை இருக்கிறது. எந்தப் பானையும் சிறிதாகாது, பெரிதாகாது. ஆனால் ஒவ்வொரு பானையிலும் நூறு கரண்டிக்கு ஏழரைக் கரண்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிற 15 சதவீதத்தில் இது கிடையாது. தனியார் கல்லூரிகள் அரசுக்கு விட்டுக்கொடுக்கும் இடங்களில் உண்டு.

அந்தக் கடைசி வரிதான் எங்களைக் கவிழ்த்தது.

நவம்பர் 18 சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. முதல் நாள் முதலமைச்சர் கையால் ஆணை வாங்கும் பிள்ளைகளை டிவியில் பார்த்தோம். எங்களுக்கு மறுநாள். ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போனோம். அவள், அவள் அப்பா, நான். அவர் வெள்ளை வேட்டியை மடியில் ஒரு பையில் வைத்திருந்து கோயம்பேட்டில் இறங்கித்தான் கட்டிக்கொண்டார்.

எங்கள் முறை வருவதற்குள் அவள் பிரிவில் அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்துவிட்டன. தனியார் கல்லூரி எம்.பி.பி.எஸ். இடம் இருந்தது. அரசு ஒதுக்கீட்டு இடம்தான், இருந்தாலும் கட்டணம் வருடத்துக்கு நான்கு லட்சத்துக்குப் பக்கம். அரசுக் கல்லூரி என்றால் பதிமூன்றாயிரத்துச் சொச்சம். யோசிக்கக் கொடுத்த நேரம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒன்றரை ஏக்கரையும் வித்தா ரெண்டு வருஷம் தாங்கும். அதுக்கப்புறம்?" என்று என்னைப் பார்த்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "வேண்டாங்க. பாதியில நிக்கிறதுக்கு இது மேல். அடுத்த வருஷம் கவர்மென்ட் காலேஜே வாங்கிடலாம்."

படித்தவள், வாத்தியார், இதெல்லாம் தெரிந்தவள் என்று நம்பித்தான் என்னைக் கூட்டிப்போனார்கள். அவர் தலையாட்டினார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடித்தோம். அவள் டீயைக் கீழே ஊற்றிவிட்டாள்.

ஊர் வந்து சேர்ந்து இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செய்தி வருகிறது: உள்ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேரும் மாணவர்களின் கட்டணத்தை அரசே கட்டும். எங்களை மாதிரி இடத்தை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இன்னும் இருந்தன. சிலர் நீதிமன்றம் போனார்கள். எங்களுக்கு அந்தத் தெம்பும் இல்லை, வக்கீலும் இல்லை. அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நாடகமாக இருக்கும். சாப்பிட்டேன். எது கேவலம் என்றால், சாப்பிட்டுக்கொண்டே, 'அரசு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா' என்று வீட்டுக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தேன். கட்டணத்தைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது என்று அரங்கத்தின் வாசலில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது.

மறுநாள் அவள் அப்பா வந்தார். ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கை வாசலில் இறக்கினார். "அடுத்த மாசம் பெயர்ச்சி. கும்பத்துக்கு ஏழரை ஆரம்பம். அதான் முன்னாடியே தொட்டுப் பார்க்குது" என்றார். போய்விட்டார்.

அப்புறம் ஒரு வருடம். இந்த 'ஒரு வருடம்' பற்றி யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் குறை. நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2020-21இல் மருத்துவம் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் மறுமுறை எழுதியவர்கள். நீட்டுக்கு முன்பு அது நூற்றுக்குப் பன்னிரண்டு. ஆக இப்போது டாக்டர் ஆவதற்குப் படிப்பு மட்டும் போதாது. சம்பாதிக்காமலும் கல்யாணம் ஆகாமலும் வீட்டில் சும்மா இருக்கிற ஒரு வருடத்தை யாராவது உங்களுக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும். நகரத்தில் அதைக் கோச்சிங் சென்டர் ரசீதாக வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் பையனுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்ணுக்கு? தை பிறந்ததும் தாய்மாமன் தாம்பூலத் தட்டோடு வந்துவிட்டார். நான் மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனேன். மூன்றாம் தடவை அவள் பாட்டிதான், மூக்குத்தி குத்திய அதே பாட்டி, "பொட்டப்புள்ள கேக்கறது ஒரு வருஷந்தானடா" என்று மகனை அடக்கினாள்.

பள்ளியில் இயற்பியல் பணியிடம் அப்போது காலி. பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேலை பார்க்கும் நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து நடத்தினார். இரண்டாம் அலை ஊரடங்கில் அதுவும் நின்றது. அண்ணன் அனுப்பிய பழைய போன், மாதம் ஒரு ரீசார்ஜ், பத்து வருடப் பழைய வினாத்தாள்கள். விலங்கியல் நான் பார்த்துக்கொண்டேன். 2021 செப்டம்பர் நீட்டில் 251. அடுத்த ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்த 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளால் இடங்கள் கூடின. அவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தது. இந்தத் தடவை கலந்தாய்வில் நான் வாயே திறக்கவில்லை. அவளே எழுந்து போய்த் தேர்ந்தெடுத்தாள்.

"ஏழரை பிடிச்சதுல எம்பொண்ணுக்குத்தாங்க நல்லது நடந்துச்சு" என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். விடுதிக் கேலியை அவரிடம் அவள் சொன்னபோது, நினைத்தபடியே, அவருக்கு ஏக சந்தோஷமாம்.

சன்னலோரக்காரி கதை இவ்வளவு நீளமில்லை.

அவளும் அந்த ஒரு வருடம் என் திண்ணையில்தான் இருந்தாள். 2021இல் அவள் எடுத்தது 290. முதல் பெஞ்சுக்காரியைவிட 39 அதிகம். விண்ணப்பத்தோடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளியில் படித்தாய் என்று ஒவ்வொரு பள்ளித் தலைமையாசிரியரிடமும் கையெழுத்து வாங்கிய சான்றிதழ் வைக்க வேண்டும். அந்தத் தாளை என் மேசையில் வைத்து நானே நிரப்பினேன். பன்னிரண்டு, பதினொன்று, பத்து, ஒன்பது, எல்லாம் எங்கள் பள்ளி. எட்டு, ஏழு, ஆறு என்று வந்தபோது பேனா நின்றது. அவள் ஊரில் எட்டாவது வரை இருப்பது அரசு உதவி பெறும் பள்ளி. அதே இலவசப் புத்தகம், அதே சத்துணவு, அரசு கொடுக்கும் சம்பளம். ஆனால் சட்டத்தின் கணக்கில் அது அரசுப் பள்ளி இல்லை. மாநகராட்சிப் பள்ளி சேரும், ஆதிதிராவிடர் நலப் பள்ளி சேரும், கள்ளர் சீரமைப்புப் பள்ளி சேரும், வனத்துறைப் பள்ளிகூடச் சேரும். இது சேராது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு ஒன்பதாவதுக்கு அரசுப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கும் ஏழரை உண்டு. சன்னலோரக்காரிக்குக் கிடையாது. சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. செல்லட்டும், நல்ல சட்டம்தான். இந்த ஓட்டையை மட்டும் எனக்கு யாராவது நியாயப்படுத்திக் காட்டுங்கள்.

ஒரு வருடம் அவளைத் திண்ணையில் உட்காரவைத்தவள் நான். முதல் நாளே அந்த மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

"ஏன் டீச்சர், ஆறாங்கிளாசுல நான் பதினோரு வயசு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நர்சிங் சேர்ந்தாள். படிப்பை முடித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. இந்த இட ஒதுக்கீட்டில் நுழைவதற்கான மதிப்பெண் அந்த முதல் ஆண்டைவிட எவ்வளவோ ஏறிவிட்டது. 178க்கு இன்று யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் எட்டாவதிலேயே பிள்ளைகளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் இருக்க வேண்டும் என்பதால், மே மாதம் ஆனால் சுற்று வட்டாரத் தொடக்கப் பள்ளிகளுக்கு என் ஸ்கூட்டியில் போய், ஐந்தாவது முடித்த பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் ஆறாம் வகுப்பை எங்கே சேர்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஆள் பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைப்பவர்கள் உண்டு. பாதி உண்மையும்கூட, எங்களுக்கும் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போய்விடும். "அஞ்சாவது முடிச்சதுக்கா டாக்டர் பேச்சு?" என்று சிரிப்பவர்கள்தான் அதிகம். கலந்தாய்வுக்கு அழைத்துப் போகும் பெற்றோரிடம் சீட்டை விடுங்கள் என்று மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சொல்வதில்லை.

போன ஜூனில் பள்ளி திறந்த அன்று சன்னலோரக்காரி வந்தாள். கையில் ஒரு சின்னப் பெண், அவள் அக்கா மகள், இரட்டைச் சடை, புது நீலப் பாவாடை முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. ஆறாம் வகுப்பில் சேர்க்க வேண்டுமாம். அவர்கள் ஊரிலிருந்து எங்கள் பள்ளி ஏழு கிலோமீட்டர்.

"பஸ்சு?" என்றேன்.

"காலைல ஏழு பத்துக்கு ஒண்ணு இருக்கு டீச்சர். சாயந்திரம் இல்ல, நடந்து வந்துடும்."

அந்தப் பெண் சன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. விண்ணப்பத்தைச் சன்னலோரக்காரியே நிரப்பினாள். சேரும் வகுப்பு என்ற கட்டத்தில் 'ஆறு' என்று எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.